சிங்கைட் பையன்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் திறந்ததும், வரி வழக்கும், 2014 நவம்பரில் கதவை மூடியதும் ஊரறிந்த கதை. லைனில் நின்ற பெண்கள் முடித்து அனுப்பிய போன்களுக்குள் ஓயாமல் துடித்த ஆசிலேட்டரின் பூர்வீகம்தான் நமக்கு வேண்டும்.

காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த சுற்றில் அலைவு, தள்ளாமல் விட்ட ஊஞ்சலாகத் தானே அடங்கிவிடும். ஆற்றலைக் காயிலின் மின்தடை தின்கிறது. சிப்புக்குள் குறுக்காகக் கோத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் அந்த இழப்பை ஈடுகட்டும். இது எதிர்மின்தடை: வோல்டேஜ் ஏறினால் கரண்ட் இறங்கும். ஒற்றை டனல் டயோடிலேயே இதைக் காட்டிய லியோ எசாகியைப் பார்க்க 1957 டோக்கியோவுக்குப் போவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். வழியில் ரஷ்யாவில் இறங்கியே ஆக வேண்டும்.

ஓலெக் லோசெவ். பட்டம் இல்லை, நிஷ்னி நோவ்கோரோத் வானொலி ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாக நுழைந்த பையன். 1922-இல், பதினெட்டு வயதில், சிங்கைட் என்ற துத்தநாகக் கனிமப் படிகத்தின் மேல் ஒரு கூர்முனையை வைத்து, பேட்டரியை இணைத்து, படிகமே அதே எதிர்மின்தடையால் அலைகளை எழுப்புவதைக் கண்டுபிடித்தார். வால்வு என்ற வெற்றிடக் குழாய் இல்லாமல் ஆசிலேட்டர்! வால்வு என்றால் இழையைச் சூடாக்கவே தனி பேட்டரி வேண்டும். படிகத்துக்கு அந்தத் தண்டச் செலவு கிடையாது. 1924-இல் அமெரிக்காவின் ‘ரேடியோ நியூஸ்’ இதைக் ‘கிரிஸ்டோடைன்’ என்று கொண்டாடியது.

கஷ்டமும் இருந்தது. படிகத்தின் எல்லா இடமும் வேலை செய்யாது. முனையை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. வால்வே ஜெயித்தது. வசதியானதைப் பிடித்துக்கொண்டு, புரியாததைக் கைகழுவிய வானொலித் தொழில்தான் இந்த அத்தியாயத்தின் வில்லன் என்பேன்.

லோசெவ் அதோடு நிற்கவில்லை. சிலிக்கான் கார்பைடில் கரண்ட் பாய்ந்தால் ஒளி வருவதை அவருக்கு முன்பே ஒருவர் பார்த்திருந்தார். வருடக்கணக்கில் விடாமல் ஆராய்ந்தவர் இவர்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்துக் கார் ஆலைகளில் மாட்டுகிற எல்இடி விளக்குக்கு அவர் முப்பாட்டன். 1942-இல், ஜெர்மன் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது, பட்டினியால் இறந்தார். வயது 38.

எசாகிக்கு 1973-இல் நோபல். தகுதியானவர்தான், ஜெர்மானியத்தில் மாசணுக்களை அளவுக்கு மீறி ஏற்றி, எலக்ட்ரான் ஏற முடியாத தடுப்பை ஊடுருவிக் கடப்பதைக் காட்டினார். தன் டயோடின் எதிர்மின்தடைக்குக் காரணம் சொன்னவர் அவர். லோசெவ் காரணம் தெரியாமலேயே ரேடியோவைப் பாடவைத்தார். நான் லோசெவ் கட்சி.

பக்கம் தீர்ந்துவிட்டது. டோக்கியோவுக்கு அடுத்த வாரம் போகலாம்.