‘தேவையில்லாத’ ஒரு பரம்பரையலகின் கதை

உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் ஹேர்ப்பீஸ் வைரசு. கொப்புளிப்பானும் அக்கியும் அதே குடும்பத்து வைரசு ஒன்றால் வருபவை. இவற்றுக்கெல்லாம் இண்டைக்கு டொக்டர் எழுதித் தருவது அசைக்ளோவிர். அந்தக் குளிசைக்குப் பின்னால் ஒரு பரம்பரையலகின் வரலாறு இருக்கிறது.

ஒரு காலத்தில், வைரசுக்கு மருந்து தேடுவதே வீண் வேலை என்று பலர் நினைத்தார்கள். வைரசு எங்கட கலத்துக்குள் புகுந்து, கலத்தின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. அதைக் கொல்லப்போனால் கலமும் சேர்ந்து சாகும்.

1963இல் அமெரிக்காவில் சோல் கிற், டெல் டப்ஸ் என்ற இருவர், தைமிடின் கைனேஸ் என்ற நொதியம் இல்லாத எலிக் கலங்களில் ஹேர்ப்பீஸ் வைரசைத் தொற்றவைத்தார்கள். அந்த நொதியம் கலங்களில் தோன்றியது. அடுத்த வருடம், அந்த நொதியத்தை உண்டாக்க முடியாத வைரசு வகைகளையும் பிரித்தெடுத்தார்கள். அப்போ, அதற்கான பரம்பரையலகு வைரசினுடையதுதான். ஆனால் அது இல்லாத வைரசும் ஆய்வுகூடக் கலங்களில் பெருகத்தான் செய்தது. பிறகு அதைப் படித்து என்ன பயன்?

பதில் 1970களில் வந்தது. ஜேர்ட்ரூட் எலியன் 1937இல் இரசாயனவியலில் பட்டம் பெற்றவர். பெண் என்பதால் ஆய்வுகூட வேலை மறுக்கப்பட்டவர். கலாநிதிப் பட்டத்தையும் முடிக்கவில்லை. பறோஸ் வெல்கம் நிறுவனத்தில் அவரோடு வேலை செய்த ஹவார்ட் ஷேபர் உருவாக்கிய அசைக்ளோவிர் எப்படி வேலை செய்கிறது என்பதை 1977இல் எலியனின் குழு விளக்கியது. மருந்து தானாக எதுவும் செய்யாது. வைரசின் தைமிடின் கைனேஸ்தான் அதில் முதல் பொஸ்பேற்றை ஒட்டுகிறது. மிச்ச இரண்டையும் கலத்தின் நொதியங்கள் ஒட்டுகின்றன. பிறகு அது போலிக் கல்லாகப் போய், வைரசு கட்டும் டீஎன்ஏ சங்கிலியை இடையில் நிறுத்திவிடும். தொற்றாத கலத்தில் அந்த முதல் படி பெரும்பாலும் நடக்காது. கலம் தப்பிவிடும்.

1988இல் எலியன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதை முடியவில்லை. அந்தப் பரம்பரையலகை இழந்த வைரசுக்கு இந்த மருந்து பிடிக்காது. நரம்புக் கலங்களில் பெருக்கத்தை நிறுத்திப் பதுங்கியிருக்கும் வைரசையும் அது தொடாது.

“இதைப் படிச்சு என்ன செய்யப்போறீங்கள்?” என்று கலைப்பீடத்தில் இருக்கிற எங்களிட்டக் கேட்கிறார்கள். 1964இல் இந்தக் கேள்விக்கு கிற்றிடமும் டப்ஸிடமும்கூட அசைக்ளோவிர் என்ற பதில் இருந்திருக்காது. பயன் தெரிந்த பிறகுதான் படிக்க வேண்டும் என்றால், அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்வது கடினமாக இருந்திருக்கும்.