மலைக் குடும்பங்களின் கதையும் கிள்ளான் காய்ச்சலும்

துன்பத்தில் உழலும் மலைக்குடிகள் நம்பிக்கையைக் கைவிடாது வாழும் கதைகளுக்கு என்றும் வாசகர் உண்டு. அவற்றுள் கிறித்தவ வரலாற்று நவீனங்கள் தனியொரு வகை. அமெரிக்க எழுத்தாளர் காதரின் மார்ஷல் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கிறிஸ்டி’ அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. ஆசிரியை தம் அன்னையாரின் இளமை அனுபவங்களை அடியொற்றி எழுதிய நூல் அது. 1912-இல் பத்தொன்பது வயது நங்கை ஒருத்தி, டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் இயங்கும் மிஷன் பள்ளிக்குக் கற்பிக்கச் செல்கிறாள். வறுமை, குடிப்பகை, டைஃபாய்டு காய்ச்சல் ஆகியவற்றினிடையே அவளுடைய காதலும் இறைநம்பிக்கையும் வளர்கின்றன.

ஈராண்டுகள் கழித்து, 1969-இல், ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. எழுதியவர் பி. எச். டேனியல், கிறித்தவ மரபில் வந்தவர், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று 2007-இல் அது தமிழுக்கு வந்தது. 2013-இல் வெளியான ‘பரதேசி’ திரைப்படத்திற்கும் அதுவே மூலம். 1920-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியரின் கதை அது.

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று எனக்குப் புலப்பட்டது. கிறிஸ்டி காணும் மலைமக்கள் ஏழைகளாயினும் தம் மண்ணில் வாழ்பவர்கள். அவர்களிடம் நம்பிக்கை, படிப்பித்தலாகவும் மருந்தாகவும் மலையேறி வருகிறது. ஆனைமலையிலோ நம்பிக்கை மலையடிவாரத்துக்கு அப்பாலேயே விலைக்கு வந்துவிடுகிறது. மேஸ்திரி அதனை முன்பணத்தோடு சேர்த்துக் கொடுக்கிறான். மேலே சென்றபின் கணக்குப் பார்க்கும் நாளில் முன்பணமும் கம்பளியும் அரிசியும் கடனாகி நிற்கின்றன. ஊர் திரும்பும் ஆசை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. டேனியல் இதனை அனுதாபத்தோடு எழுதினாலும் மருத்துவருக்குரிய கண்டிப்போடு எழுதுகிறார். அதனாலேயே இந்நூல் ‘கிறிஸ்டி’யினும் என் நெஞ்சுக்கு நெருக்கமாயிற்று.

மேஸ்திரியை நம்மவர் கங்காணி என்றனர். மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுற்ற பின்னரும் கங்காணி முறை நீடித்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்றுக் குடியேறும் தொழிலாளர்களுக்குத் தடை விதிக்கும்வரை கப்பல்கள் ஆட்களை இறக்கிக் கொண்டிருந்தன. அழைத்துவந்தவர் வேலைக்குப் போன நாள்களைக் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆதலால், படுத்த படுக்கையாய்க் கிடப்பவன் தனக்கும் நட்டம், கங்காணிக்கும் நட்டம்.

இனி, காய்ச்சலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். டேனியலின் நாவலில் மனிதரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோவது அதுவே. கிள்ளான் வட்டாரத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1901-இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை (1972 முதல் கிள்ளான் துறைமுகம்) மலேரியா தாக்கியது. கொசுவே காரணம் என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. சதுப்புநிலத்தை வெட்டி வடித்தார் வாட்சன். நகரிலும் துறைமுகத்திலும் நோய் குறைந்தது. சமவெளித் தோட்டங்களிலும் காடழித்து நீர்வடித்ததும் பலன் கிட்டியது.

மலைத்தோட்டங்களில் மட்டும் கணக்குப் பொய்த்தது. காட்டை வெட்டியபின் அங்கே காய்ச்சல் குறையவில்லை. ஆராய்ந்தபோது, குன்றுகளினிடையே ஓடும் தெளிந்த சிற்றோடைகளில் வெயில் பட்டதும் வேறொரு வகைக் கொசு பெருகுவது தெரிந்தது. அதன்பின் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்களில் செலுத்தினர். 1914 முதல் நீரின்மேல் எண்ணெயும் தெளிக்கத் தொடங்கினர்.

வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்களுக்குத் தெளிந்த ஓடையைக் காட்டிலும் நல்ல சகுனம் வேறென்ன இருந்திருக்கும்? மலைத்தோட்டமொன்றில் பிறந்த என் பாட்டியார் ஓடைநீரைக் காய்ச்சாமல் எவரையும் குடிக்கவிட மாட்டார். காய்ச்சல் அந்நீரைக் குடித்ததால் வந்ததென்று இறுதிவரை உறுதியாக நம்பினார். பாதி உண்மையைத்தான் அவர் பிடித்திருந்தார்; அப்பாதிக்காக அவர் இழந்தவை இரு தமக்கையர்.

நம்பிக்கை பேசும் நாவல்கள் மயக்கமருந்து என்று கூறுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டியார் விளக்கேற்றித் தொழுததும் நீரைக் காய்ச்சியதும் ஒரே நம்பிக்கையினால்தான். எனினும், மலைக்குடும்பத்தின் கதையை எழுதுவோர் முன்பணக் கணக்கையும் ஓடையின் கதையையும் விட்டுவிட்டால் அது அரைக்கதையாகவே நிற்கும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் தம் கணக்கைத் தாமே கேட்டனர். ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் பரவியது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; படையினர் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை மூடல், முறையான மருத்துவ வசதி. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை.