சாவி யாரிடம்? – அத்தியாயம் 6: கட்டங்களுக்குள் ஒரு வணக்கம்

2009 செப்டம்பர். கூகுளின் வக்கீல் கடிதம் ஸ்டீவ் கொண்டிக்கின் கைக்கு வந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஓய்வு நேரத்தில் ‘சயனோஜன்மாட்’ என்ற, ஆண்ட்ராய்டைத் திருத்திச் செய்த இயங்குதளத்தை உருவாக்கிய தனி மனிதர் அவர். எதிரே உலகின் மிகப் பெரிய தேடுபொறி நிறுவனம்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். அதைத்தான் அவரும் செய்தார். ஆனால் அதோடு ஜிமெயில், மேப்ஸ், யூடியூப், செயலிக் கடை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். இவை கூகுளின் மூடிய சொத்து. எடுத்துவிடு என்றது கடிதம்.

கொண்டிக் எடுத்துவிட்டார். ஆனால் திட்டத்தைக் கைவிடவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஹேண்ட்போனில் இருந்த செயலிகளை அவரவரே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, புதிய இயங்குதளத்தை ஏற்றியபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். ஆண்ட்ராய்டு வேறு, கூகுள் வேறு என்று சாதாரணப் பயனருக்கு முதன்முதலாகப் புரிந்தது அப்போதுதான் என்பேன்.

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? அன்றைய ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு கிடையாது. ‘வணக்கம்’ என்று வந்த செய்தி வெறும் கட்டங்களாகத் தெரியும். ஓப்பரா மினியின் முகவரிப் பட்டையில் opera:config என்பதைத் தட்டி, ஒரு அமைப்பை மாற்றினால் தமிழ் படமாக வந்து நிற்கும். அதுவும் அந்த உலாவிக்குள் மட்டும். குறுஞ்செய்தியிலும் தமிழ் தெரிய வேண்டுமானால் எழுத்துருக் கோப்பையே மாற்ற வேண்டும். அந்தக் கோப்புறையோ பூட்டிக் கிடந்தது. ‘ரூட்’ செய்தால், அதாவது கருவியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினால், திறக்கும். கை தவறினால் ஹேண்ட்போன் செங்கல்லாகிவிடும், உத்தரவாதமும் போய்விடும். தாய்மொழியைப் படிக்க இவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டது.

ஐபோனில் பூட்டு வேறு மாதிரி. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-லேயே ‘செல்லினம்’ என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தவர். ஆனால் ஐபோனில் வெளியார் விசைப்பலகைக்கு ஆப்பிள் கதவு திறந்தது 2014-இல், ஐஓஎஸ் 8 வந்தபோதுதான். அதுவரை செல்லினத்தில் எழுதியதை நகலெடுத்து, வேறு செயலியில் போய் ஒட்ட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும், 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாசில் ஆலை திறந்த காலந்தொட்டு பினாங்குக் கைகள் சிப்புகளைத் தொட்டு வருகின்றன. இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்து காவான் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். கருவியின் வயிற்றைத் தினமும் பார்க்கிற அவர்களுக்கும், சட்டைப்பையில் இருக்கும் தங்கள் போனுக்குள் எதை மாற்றலாம் என்று முடிவெடுக்கும் உரிமை இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

தனி மனிதரைக் கடிதத்தால் மிரட்டலாம். கோடிக்கணக்கில் பணம் உள்ள ஒரு நிறுவனமே மாற்று இயங்குதளத்தோடு வந்தால்?

2012 செப்டம்பர் 13, ஷாங்காய். தைவானின் ஏசர் நிறுவனம், அலிபாபாவின் ‘அலியுன்’ இயங்குதளத்தில் ஓடும் கைப்பேசியை அறிமுகப்படுத்த இருந்த நாள். எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. விழாவுக்குச் சில மணி நேரமே இருந்தது. அப்போது அறிவிப்பு வந்தது: விழா ரத்து.

ஏசரின் கையைக் கட்டிப்போட்டது, கூகுள் தலைமையிலான ஆண்ட்ராய்டு கூட்டணியில் சேர்ந்தபோது அதுவே ஒப்புக்கொண்ட ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனை...

(தொடரும்)