மார்ஷ்மெல்லோ சோதனை

மார்ஷ்மெல்லோ சோதனை என்பது சிறுவர்களின் பொறுமையை அறிய, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வாகும். மார்ஷ்மெல்லோ ஒருவகை மென்மையான மிட்டாய். அதை உடனே உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று குழந்தையிடம் கூறப்படும்.

காத்திருத்தல் குழந்தையின் இயல்பைப் பொறுத்தது என்றே பலர் கருதினர். 2013இல் வெளியான ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அதில் 28 குழந்தைகளுக்கு முதலில் நல்ல வண்ணக்குச்சிகள் தருவதாகச் சொல்லப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அவை கிடைத்தன. மற்றவர்களிடம் பெரியவர் வெறுங்கையுடன் திரும்பி வந்தார். பின்னர் மிட்டாய் வைக்கப்பட்டபோது முதற்பிரிவினர் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றமடைந்தோர் காத்திருந்தது 3 நிமிடமே. வீட்டில் சொன்ன சொல் காக்கப்படாத குழந்தை கையிலுள்ளதை உடனே உண்பது அடக்கமின்மை ஆகாது. அது பட்டறிவு எனலாம்.