ஆணுறுப்பில் புற்றுநோய்... உறுப்பை எடுத்தே ஆகவேண்டுமா?

ஆணுறுப்பில் ஒரு சின்னப் புண். சில வாரமாகியும் ஆறவில்லை. யாரிடம் சொல்வீர்கள்?

பலர் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை. "புற்றுநோய்னா மொத்தமா வெட்டிடுவாங்களே" என்ற பயம் வேறு.

தெரிந்துகொள்ளுங்கள்...

யாருக்கு வரும்?

இது அரிய நோய். பெரும்பாலும் உறுப்பின் மொட்டிலோ முன்தோலிலோ தொடங்கும். புகைப்பழக்கம், எச்பிவி கிருமித்தொற்று, பின்னுக்கு இழுக்க முடியாத இறுக்கமான முன்தோல் ஆகியவை அபாயத்தைக் கூட்டும்.

மொத்தமா எடுத்துடுவாங்களா?

எல்லாருக்கும் இல்லை. முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்டுவார்கள். சில மில்லிமீட்டரே பலருக்குப் போதும் என்பது பின்னர் தெரியவந்தது.

நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சை:

- மேல்தோலில் மட்டும்: மருந்துக் களிம்பு அல்லது லேசர்

- முன்தோலில் மட்டும்: முன்தோலை அகற்றலாம்

- மொட்டுக்குள் பரவினால்: மொட்டை அகற்றி, தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டிப் புது மொட்டுபோல அமைக்கலாம்

- இன்னும் ஆழமாகப் போனால்: உறுப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்ற நேரலாம்

அப்புறம் வாழ்க்கை எப்படி?

மொட்டை மட்டும் எடுத்தால் தண்டுப் பகுதி அப்படியே இருக்கும். நின்றபடி சிறுநீர் கழிக்கலாம். உடலுறவும் பலருக்குச் சாத்தியம். ஆனால் நுனியில் உணர்ச்சி குறையும்.

முழுசா எடுத்தால் சிறுநீர் வழியை விதைப்பைக்குப் பின்னால் மாற்றி வைப்பார்கள். உட்கார்ந்துதான் கழிக்கவேண்டும். பின்னர் முன்கையின் தோல், ரத்தநாளம், நரம்பு ஆகியவற்றைக் கொண்டு புது உறுப்பு அமைக்கவும் வழியுண்டு. அது பெரிய, சிக்கலான அறுவை சிகிச்சை.

உறுப்பைக் காப்பாற்றுவதில் ஆபத்து இல்லையா?

அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் மீண்டும் சிகிச்சை செய்யலாம். அதனால்தான் முதல் 2 ஆண்டுகளுக்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதைத் தவறவிடக் கூடாது.

உயிருக்கு உண்மையான ஆபத்து, நோய் தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும்போதுதான். அங்கேயும் மருத்துவர் சோதிப்பார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆறாத புண், கட்டி, நிறமாற்றம், ரத்தக் கசிவு, முன்தோலுக்கு அடியில் துர்நாற்றம்... இவற்றில் எதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் போங்கள். பலதுறை மருந்தகத்துக்கே போகலாம். சாதாரணத் தொற்றாகவும் இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும்?

வெட்கம் சில நிமிடம்தான். தள்ளிப்போட்டால் காப்பாற்றக்கூடிய உறுப்பையும் இழக்க நேரலாம்.