குறிஞ்சி வழிக் கல்வி

கல்வி குறித்து எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். வேடர் குடியில் வளர்ந்து தினைப்புனம் காத்த வள்ளியை நாடி மலையேறிய முருகப்பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். மலைமக்களின் அறிவைப் பேசுமுன் வேறு யாரை வணங்குவது?

பத்துப்பாட்டுள் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளால் ஆனது. பிரகத்தன் என்னும் ஆரிய மன்னனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தவே கபிலர் இதனைப் பாடினார் என்பது மரபு. வேற்றுமொழியாளனுக்குப் பாடம் சொல்ல அப்பெரும்புலவர் மலையையே தேர்ந்தார். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிர், அருவி, வேட்டை நாய்கள், 99 வகைப் பூக்கள் என அங்கு வாழ்வோர் அறிந்தவையே பாடமாயின. உ.வே.சாமிநாதையர் ஏடு ஒப்பிட்டபோது, பூக்களின் பெயர்கள் வரும் பகுதியில் சில சொற்கள் சிதைந்திருந்தன. தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்து, 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். சில பூப்பெயர்களுக்காக அத்தனை உழைப்பு! தொல்காப்பியரும் நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக வகுத்தார். மண்ணை விட்டு நீங்காத கல்வி நம் முன்னோருடையது.

நம் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் குறிஞ்சி மாந்தர் செமாய் மக்கள். அம்பு நுனியில் தோய்க்கும் நஞ்சைத் தரும் மரத்தின் பெயரைத்தான் ஈப்போ நகரம் தாங்கி நிற்கிறது. எந்தப் பட்டையைக் கீறுவது, எந்த வேர் மருந்தாகும் என்பன தலைமுறைகள் சோதித்துத் தேர்ந்த அறிவியல்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வழி செய்கிறது. பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15தான். ஆனால் நடைமுறைக்கு இயலுமானால் என்றொரு நிபந்தனை கூடுதலாக உண்டு. அந்த நிபந்தனை நீங்குவதே அறம். செமாய் சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாக உள்ளது. அது மேலும் பரவ வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் 1922இல் எழுந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, கூடை முடைதலையும் தோட்ட வேளாண்மையையும் ஆசிரியர் கல்வியில் சேர்த்த பெருமை உடையது. இன்று பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ள அங்கே தமிழாசிரியர்களும் உருவாகின்றனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குறிஞ்சித் திணை நடத்தும் நாளில் செமாய்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, ஆசிரியர் இருக்கையில் அமர்த்துங்கள். தாய்மொழிக் கல்விக்குப் போராடிய நாம், மலைமக்களின் மொழிக்கும் குரல் கொடுப்போம்.