மலை ரயிலும் இரண்டு மார்க்கும்



ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் திசைவேகம்–காலம் வரைபடம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும். மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை 8 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்திலும், அங்கிருந்து குன்னூர் வரை 20 கி.மீ. தூரத்தை 13 கி.மீ. வேகத்திலும் போகிறது, நேரம் காண்க. உயரமாக ஒரு செவ்வகம், 16 நிமிடம். அப்புறம் தாழ்வாக, நீளமாக இன்னொன்று, 92 நிமிடம். இரண்டின் பரப்பும் சேர்ந்தால் 28 கி.மீ. முழு மார்க்.

பரப்பு எப்படி சார் தூரமாகும் என்று கேட்டவர்களிடம் "பெருக்கிப் பாரு" என்று முடித்துவிட்டேன். நிக்கோல் ஒரேம் கதையைச் சொல்லியிருக்கலாம். 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்தவர். காலத்தைக் கிடைக்கோடாகப் போட்டு, ஒவ்வொரு கணத்துக்கும் வேகத்தின் அளவுக்கு ஒரு கோட்டை நிமிர்த்தி வைத்தார். மூங்கில் தட்டி போல நெருங்கி நிற்கும் அந்தக் கோடுகள் அடைக்கும் இடம்தான் கடந்த தூரம். வேகம் சீராகக் கூடினால் முக்கோணம் வரும். அதன் பரப்பு பாதி உயரச் செவ்வகத்துக்குச் சமம். கீழே விழும் பொருளுக்கு 1638இல் கலிலியோ போட்ட படமும் ஏறக்குறைய இதுவே.

நம் ரயில் குன்னூருக்கு ஏறியது 1899இல்; ஊட்டியைத் தொட்டது 1908இல். கல்லாருக்கு மேலே 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வித்தான் ஏறும்.

மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருவன் தன் படத்தில் கோட்டை அங்கங்கே பூஜ்யத்துக்கு இறக்கி, மறுபடி ஏற்றியிருந்தான். இரண்டு மார்க் குறைத்தேன்.

"ஏனுங் சார், தண்ணி புடிக்க வண்டி நிக்குமுங்களே?"

"கேள்வியில இருக்கறத மட்டும் போடு."

அந்த மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனேன். கையில் கடிகாரம். அடர்லியில் நின்றது, ஹில்குரோவில் நின்றது, ரன்னிமேட்டிலும் நின்றது. குன்னூர் சேர 3 மணி 20 நிமிடம். என் கணக்கோ 108 நிமிடம். 13 என்பது உச்ச வரம்பு, ஓடும் வேகமல்ல. என் படத்தை அவ்வளவு நேரத்துக்கு நீட்டினால் வண்டி 46 கி.மீ.யில் இருக்கும் ஊட்டியையே தாண்டிவிடும்! கோடு இறங்கி ஏறிய அவன் படம்தான் சரி.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. கோயம்புத்தூரில் பட்டறை வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவனைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு மார்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.